25 டாலர் இனி 65: அமெரிக்க கேர்ள் ஸ்கவுட் பின்னுக்கு உண்மையான விலை என்ன?

உங்க ஆபீஸுக்கு அமெரிக்காவில் ஒரு டீம் இருந்தால், வருஷ ஆரம்பத்தில் இப்படி ஒரு மெசேஜ் கண்ணில் பட்டிருக்கும்: "என் பொண்ணு குக்கீ விக்கிறா, யாருக்காவது வேணுமா?" கூடவே ஒரு லிங்க். இல்லையென்றால் நியூஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ இருக்கும் அக்கா, பழுப்பு நிற வெஸ்ட் போட்ட மகளின் படத்தை ஃபேமிலி குரூப்பில் போட்டிருப்பார். நாமும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு நகர்ந்திருப்போம்.

அந்தக் குக்கீக்கும் வெஸ்டுக்கும் பின்னால் இருப்பது 'கேர்ள் ஸ்கவுட்ஸ் ஆஃப் தி யுஎஸ்ஏ'. 2024 அக்டோபரில் இந்த அமைப்பின் தேசிய கவுன்சில் ஒரு முடிவை ஓட்டுக்கு விட்டது. சிறுமிகளுக்கான ஆண்டு உறுப்பினர் கட்டணத்தை 25 டாலரிலிருந்து இரண்டு கட்டமாக உயர்த்தலாமா என்பதுதான் கேள்வி. ஓட்டு ஜெயித்தது. 2025 அக்டோபரில் தொடங்கிய ஆண்டுக்கு 45 டாலர். 2026 அக்டோபரில் தொடங்கும் ஆண்டுக்கு 65 டாலர். மொத்தமாகப் பார்த்தால் 160 சதவீத உயர்வு. முதலில் பேசப்பட்ட தொகை 85 டாலர். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது 65-க்கு இறங்கியது.

"வருஷத்துக்கு 65 டாலர்தானே, அமெரிக்காவில் அதெல்லாம் ஒரு காசா?" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்க. இந்தப் பணம் யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்று தெரிந்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். அதற்கு முதலில், ஒரு குழந்தை இதில் சேரும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கணும்.

சுருக்கமா: யார் இவர்கள்?

1912 மார்ச் 12. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரம். ஜூலியட் கார்டன் லோ என்ற பெண்மணி 18 சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய குழு இது. இங்கிலாந்தில் பேடன் பவல் குடும்பத்தினர் நடத்திய இயக்கத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். ஆரம்ப நாட்களில் செலவுக்காகத் தன் முத்து மாலையையே விற்றார். மூன்று இலை கொண்ட சின்னத்தின் வடிவத்துக்கு 1914-ல் காப்புரிமையும் வாங்கி வைத்தார்.

இன்று நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு. அவற்றின் கீழே இயங்கும் சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பெயர் 'ட்ரூப்'. படிக்கும் வகுப்பைப் பொறுத்து ஆறு நிலைகள்:

• டெய்சி: எல்கேஜி முடித்த பிறகு வரும் கிண்டர்கார்டன், 1-ம் வகுப்பு
• பிரவுனி: 2, 3
• ஜூனியர்: 4, 5
• கேடட்: 6, 7, 8
• சீனியர்: 9, 10
• அம்பாசடர்: 11, 12

நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு ஒப்பீடு. பள்ளியில் நீல யூனிஃபார்மில் பார்த்த 'கைட்ஸ்', அதாவது சாரணியர், இதே உலகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தான். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் ஜாம்போரி நடத்திய பாரத சாரண சாரணியர் இயக்கமும், அமெரிக்க கேர்ள் ஸ்கவுட்ஸும் ஒரே உலகக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். ஆனால் நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

சேரும் நாளில் என்ன நடக்கும்?

ஆன்லைனில் ஃபார்ம் நிரப்பி, கட்டணம் கட்டியதுமே கணக்குப்படி அந்தக் குழந்தை உறுப்பினர். ஆனால் எந்த ட்ரூப் தலைவியைக் கேட்டாலும், "அது பில்லு, விழா வேற" என்கிற மாதிரிதான் பதில் வரும். அந்த விழாவுக்குப் பெயர் 'இன்வெஸ்டிச்சர்'. அர்த்தம் ரொம்ப எளிது: முதல் முறை உறுதிமொழி சொல்லி, முதல் பின்னைக் குத்திக்கொள்வது.

பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளமோ, பள்ளி கேன்டீனோ, நூலகத்தின் மீட்டிங் ரூமோதான் இடம். சிறுமிகள் குதிரை லாட வடிவில் நிற்பார்கள். தேசியக் கொடி வரும். மேசையில் மெழுகுவத்திகள்: உறுதிமொழியின் மூன்று பகுதிகளுக்கு மூன்று பெரியது, ஸ்கவுட் சட்டத்தின் பத்து வரிகளுக்குப் பத்து சின்னது. சின்னக் குழந்தைகள் என்றால் பேட்டரி மெழுகுவத்தி, பயம் வேண்டாம். வலது கையின் மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி. அப்புறம் தலைவி ஒவ்வொருவராக அழைத்து பின் குத்துவார். இடது கையால் கை குலுக்குவார். இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கை அது என்று விளக்கம் சொல்வார்கள்.

பிரவுனி விழாவில் ஒரு கூடுதல் அழகு உண்டு. தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, சுற்றிலும் இலைகளைப் போட்டுக் குளம் மாதிரி செய்வார்கள். வீட்டு வேலைகளை யாருக்கும் தெரியாமல் செய்துவைக்கும் குட்டித் தேவதையைத் தேடிப் போன பிள்ளைகள், குளத்தில் எட்டிப் பார்த்துத் தங்கள் முகத்தையே கண்ட ஒரு பழைய கதை. அதை ஏழு வயதுக் குழந்தை நடித்துக் காட்டும். சில ட்ரூப்களில் பின்னைத் தலைகீழாகக் குத்தி அனுப்புவார்கள். வீட்டில் நல்ல காரியம் செய்துவிட்டு வந்தால்தான் நேராகத் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் பழைய உறுப்பினர்கள் உறுதிமொழியைப் புதுப்பிப்பது 'ரீடெடிகேஷன்'. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போவது 'பிரிட்ஜிங்', அதாவது பாலம் கடப்பது. பூங்காவில் இருக்கும் மரப்பாலமே போதும். சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் ஆயிரக்கணக்கான சிறுமிகள் கோல்டன் கேட் பாலத்தையே நடந்து கடக்கிறார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று. உறுதிமொழியில் 'கடவுள்' வருகிறதே, அது எந்தக் கடவுள்? 1993-லேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் தன் நம்பிக்கைக்கு ஏற்ற வேறு சொல்லை வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு சிறுமிக்கும் உண்டு. முருகன் என்றும் சொல்லலாம், அல்லா என்றும் சொல்லலாம், அந்தச் சொல்லே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. இந்த விழாவில் செலவு என்று சொல்ல எதுவுமே இல்லை. கண்ணாடி வீட்டிலிருந்து வரும், இலை தோட்டத்திலிருந்து வரும்.

வெஸ்டில் இருப்பதைப் படிப்பது எப்படி?

வெளியாள் கண்ணுக்கு அது கலர் கலரான தையல் துணி. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒரு ரெஸ்யூமே.

நிறத்தைப் பார்த்தாலே நிலை தெரியும். டெய்சி நீலம், பிரவுனி பழுப்பு, ஜூனியர் பச்சை, அதற்கு மேல் எல்லாம் காக்கி.

அணிபவரின் வலது பக்கம் மேலே அமெரிக்கக் கொடி. கீழே கவுன்சிலின் பெயர்ப் பட்டை. அதற்கும் கீழே ட்ரூப் எண். இடது பக்கம் மேலே ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதில்தான் இரண்டு முக்கியமான பின்கள்.

மேலே இருப்பது உலக மூவிலைப் பின். நீலமும் தங்க நிறமும். நார்வேயைச் சேர்ந்த காரி ஆஸ் வடிவமைத்து, 1930-ல் ஏற்கப்பட்டது. மூன்று இலைகள் உறுதிமொழியின் மூன்று பகுதிகள். இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று உறுதிமொழி, மற்றது சட்டம். நடு நரம்பு திசை காட்டும் முள். அடிப்பகுதி அன்பின் சுடர். இதே மூவிலைச் சின்னத்தை நம்ம ஊர் சாரணியரிடமும் பார்க்கலாம்.

கீழே இருப்பது அமெரிக்க உறுப்பினர் பின். மூன்று பெண் முகங்கள் பக்கவாட்டில் தெரியும் அந்த வடிவம், ஹாலிவுட் படங்களின் டைட்டில்களுக்குப் பெயர் பெற்ற சால் பாஸ் 1978-ல் வரைந்த லோகோவிலிருந்து வந்தது. கழுகு பொறித்த பழைய பின்னை விரும்புகிறவர்கள் அதையும் அணியலாம்.

டெய்சிகளுக்கு பேட்ஜோடு இதழ்களும் உண்டு. சட்டத்தின் ஒரு வரியைப் புரிந்து நடந்துகாட்டினால் ஒரு இதழ். பத்தும் சேர்ந்தால் பூ நிறைந்துவிடும். ஒவ்வொரு ஆண்டும் உறுப்பினராக இருந்ததற்கு ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு அடியில் இருக்கும் வட்டின் நிறம், எந்த நிலையில் அந்த ஆண்டைக் கழித்தாள் என்று சொல்லும். பிரவுனியிலிருந்து ஜூனியருக்குப் போனால் சிறகு. 'நான் ஆறு வருஷமா இருக்கேன்' என்று வாயால் சொல்லவே வேண்டாம், வெஸ்டே சொல்லிவிடும்.

முன்பக்கம் உழைத்துச் சம்பாதித்த அதிகாரபூர்வ பேட்ஜுகளுக்கு மட்டும். மிருகக்காட்சி சாலைக்குப் போனது, பீட்சா பார்ட்டி வைத்தது போன்ற ஜாலி பேட்ச் எல்லாம் பின்பக்கம். இஸ்திரி போட்டு ஒட்டும் பேட்ஜ் நாலு தடவை துவைத்தால் ஓரம் தூக்கும். கடைசியில் ஊசி நூல்தான். விழாவுக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ அதை உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்கள்.

உச்சியில் இருப்பவை மூன்று விருதுகள். ஜூனியருக்கு வெண்கலம், கேடட்டுக்கு வெள்ளி, சீனியர் மற்றும் அம்பாசடருக்குத் தங்கம். தங்க விருதுக்கு ஊருக்குப் பயன்படும் ஒரு திட்டத்தை, குறைந்தது 80 மணி நேரம் செலவிட்டு, முன்நின்று நடத்தணும் என்பது வழிகாட்டல். வாங்கியவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை வாய்ப்புகள் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தால் ஒரு படி மேலான தரத்திலிருந்து தொடங்கலாம்.

முழு யூனிஃபார்ம் வாங்கினால்தான் கூட்டத்துக்கு வரலாம் என்று விதி இல்லை. விழாக்களுக்கு வெஸ்ட், சாஷ், ட்யூனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மற்றபடி வீட்டில் இருக்கும் வெள்ளைச் சட்டையும் காக்கி பேன்ட்டும் சரி. காகிதத்தில் இது நல்ல விதி. ஆனால் வட்டத்தில் பதினொரு பேர் வெஸ்டோடு நிற்க, ஒருத்தி மட்டும் இல்லாமல் நின்றால் அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்பது எந்த விதியிலும் இல்லை.

சரி, ட்ரூப் ஓடுவது எப்படி?

நம்ம ஊர் வித்தியாசம் என்று சொன்னோமே, அது இங்கேதான். இங்கே கைடு அணி பெரும்பாலும் பள்ளிக்குள் இருக்கும், ஆசிரியரே கேப்டன். அமெரிக்காவில் ட்ரூப்பைப் பள்ளி நடத்துவதில்லை. நடத்துவது அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அக்கா. யாருக்கும் சம்பளம் கிடையாது.

விதிகள் கறாரானவை. ஒரு ட்ரூப் நடக்கணும் என்றால் குறைந்தது இரண்டு பெரியவர்கள். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக் கூடாது. அதாவது கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து நடத்த முடியாது. ஒருவராவது பெண்ணாக இருக்கணும். குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம்.

அப்புறம் எண்ணிக்கை. வழக்கமான கூட்டத்தில் இரண்டு பெரியவர்கள் 12 டெய்சிகள் வரைதான் பார்த்துக்கொள்ளலாம். பிரவுனி என்றால் 20, ஜூனியர் என்றால் 25. வெளியே கூட்டிப்போனால் இன்னும் இறுக்கம்: அதே இரண்டு பேருக்கு 6 டெய்சிகள், 12 பிரவுனிகள். பதின்மூன்றாவது டெய்சி வந்தால் மூன்றாவது பெரியவரைத் தேடணும், இல்லை "இடம் இல்லை" என்று சொல்லணும்.

பணத்துக்கும் ஒழுங்கு உண்டு. ட்ரூப் பெயரில் வங்கிக் கணக்கு. அதிலும் உறவில்லாத இருவர் கையெழுத்து. அந்தப் பணத்துக்கு முக்கிய ஊற்று குக்கீதான். இந்தப் பழக்கம் 1917-ல் ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊரில் ஒரு ட்ரூப் பள்ளி கேன்டீனில் பிஸ்கட் சுட்டு விற்றதில் தொடங்கியது. இன்று உரிமம் பெற்ற இரண்டு பேக்கரி நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு சீசனில் விற்பது சுமார் 20 கோடி பாக்கெட்.

ஒரு பாக்கெட்டின் விலையில் பேக்கரிக்கு ஒரு பங்கு போகும். பெரிய பங்கு கவுன்சிலுக்கு. முகாம்கள், ஊழியர்கள், பயிற்சி எல்லாம் அதிலிருந்துதான் நடக்கிறது. விற்ற ட்ரூப்புக்குக் கிடைப்பது பாக்கெட்டுக்கு ஏறத்தாழ ஒரு டாலர், பல இடங்களில் அதற்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் விற்ற சிறுமியின் சொந்தக் காசு ஆகாது. 500 பாக்கெட் விற்றவளும் 5 பாக்கெட் விற்றவளும் அந்தக் கணக்கில் சமம். பணம் மொத்த ட்ரூப்புக்கும் பொது.

இப்போ கட்டணத்துக்கு வருவோம்

ஆண்டுக் கட்டணம் போவது தேசியத் தலைமைக்கு. ட்ரூப்பின் வங்கிக் கணக்குக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட வராது. இதுதான் இந்த விவகாரத்தின் மையம்.

தலைமைக்கும் நியாயம் இருக்கு. அந்தப் பணத்தில்தான் பாடத்திட்டம், பதிவு மென்பொருள், உறுப்பினர்களுக்கான விபத்துக் காப்பீடு எல்லாம் நடக்கிறது. 2017-ல் 15-லிருந்து 25 ஆக்கிய பிறகு கட்டணம் அப்படியே நின்றது. அதற்கப்புறம் கோவிட் வந்தது, விலைவாசி எங்கேயோ போனது. 65 டாலரை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஐந்தரை டாலருக்கும் கீழே. ஒரு நடன வகுப்புக்கோ ஃபுட்பால் கோச்சிங்குக்கோ ஆகும் செலவோடு பார்த்தால் இது மலிவுதான். இன்னொன்று: இந்த முடிவை எடுத்தது ஏதோ மூடிய அறை நிர்வாகம் அல்ல. கவுன்சில்களிலிருந்து தேர்வான பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 14 வயது நிரம்பிய சிறுமிகளும் பிரதிநிதிகளாக இருக்க முடியும்.

எதிர்த்தவர்களின் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம்.

இரண்டு மகள்கள் இருக்கும் வீடு: வருஷத்துக்கு 50 டாலராக இருந்தது முதலில் 90, பிறகு 130. நம்ம கணக்கில் 11,000 ரூபாய்க்குப் பக்கம். இதில் வெஸ்ட் இல்லை, பேட்ஜ் இல்லை, கேம்ப் இல்லை.

12 பேர் கொண்ட ஒரு ட்ரூப்: "யாரும் காசு தர வேண்டாம், ட்ரூப் பணத்திலேயே கட்டிடலாம்" என்று தலைவி நினைக்கிறார். பல ட்ரூப்கள் இப்படித்தான் செய்கின்றன. பழைய கட்டணத்தில் 300 டாலர். புதியதில் 780. வித்தியாசம் 480 டாலர். பாக்கெட்டுக்கு ஒரு டாலர் கிடைத்தாலும் கூடுதலாக 480 பாக்கெட் விற்கணும். ஆளுக்கு 40 பாக்கெட். இது கேம்புக்கோ டூருக்கோ அல்ல, போன வருஷம் நின்ற அதே இடத்தில் இந்த வருஷமும் நிற்பதற்கு மட்டும்.

அப்பா அம்மா ஐடி ஆபீஸில் இருந்தால் அந்த 40 பாக்கெட் ஒரே ஸ்லாக் மெசேஜில் போய்விடும். அம்மா உணவகத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவராக இருந்தால்? அந்தக் குழந்தை சூப்பர் மார்க்கெட் வாசலில் குளிரில் நிற்கணும். கூடவே இரண்டு பெரியவர்களும் நிற்கணும்.

கட்ட முடியாத குடும்பங்களுக்கு உதவித்தொகை உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம், கவுன்சில்களும் கொடுக்கின்றன. ஆனால் கேட்பதற்கு ஒரு தயக்கம் இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? "எங்களால முடியாது" என்று ஒரு பட்டனை அழுத்துவதைவிட, "இந்த வருஷம் வேண்டாம்மா" என்று குழந்தையிடம் சொல்வது பல பெற்றோருக்குச் சுலபம். அப்படிப் போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் 'கட்டணத்தால் விலகியவர்' என்று பதிவாக மாட்டார்கள். சும்மா வராமல் போவார்கள்.

கட்டணத்தை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?

இதற்கு நிஜ உதாரணமே இருக்கு. நியூயார்க்கின் ட்ரூப் 6000.

2017-ல் குவீன்ஸ் பகுதியில், வீடிழந்த குடும்பங்களுக்கான தங்குமிடமாக மாற்றப்பட்ட ஒரு ஹோட்டலில் இது தொடங்கியது. அங்கே தன் பிள்ளைகளோடு தங்கியிருந்த ஒரு தாய், கேர்ள் ஸ்கவுட்ஸ் ஊழியர். இங்கே இருக்கிற பெண் குழந்தைகளுக்கும் ஒரு ட்ரூப் வேண்டும் என்று அவரே ஆரம்பித்தார். நகர நிர்வாகமும் நியூயார்க் கவுன்சிலும் கைகோத்தன. கட்டணம், வெஸ்ட், பின், பேட்ஜ் எல்லாமே நன்கொடையிலிருந்து. குடும்பத்திடம் ஒரு காசும் வாங்குவதில்லை.

அந்த யோசனை நகரத்தின் மற்ற தங்குமிடங்களுக்கும் பரவியது. வீடிழந்த குடும்பங்கள் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது. ஒரு தங்குமிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள், பள்ளி மாறும், தோழிகள் மாறுவார்கள். ட்ரூப் எண் மட்டும் மாறாது. புது இடத்துக்குப் போனாலும் அதே 6000, அதே உறுதிமொழி, அதே வட்டம். 2018-ல் இந்தச் சிறுமிகள் முதல் குக்கீ விற்பனைக்கு இறங்கியபோது நகரமே வரிசையில் நின்றது. பிறகு, வேறு நாடுகளிலிருந்து வந்து தங்குமிடங்களில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? பணத்தடையை எடுத்தால் குழந்தைகள் வருகிறார்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் தெரிகிறது. ட்ரூப் 6000 நன்கொடையால் மட்டும் ஓடவில்லை. வாரா வாரம் வந்து கூட்டம் நடத்த ஆள் இருந்ததால் ஓடுகிறது.

அப்போ உண்மையான பூட்டு எது?

இங்கேதான் கட்டணச் செய்தி நம் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறது. ஒரு சிறுமி கேர்ள் ஸ்கவுட் ஆவதைத் தடுப்பது பல ஊர்களில் 40 டாலர் வித்தியாசம் அல்ல. நடத்த ஆள் இல்லை. ட்ரூப் தேடும் பக்கத்தில் ஊர் பெயரைப் போட்டால் இடமில்லை என்று வரும், காத்திருப்புப் பட்டியலில் போடுவார்கள். பிறகு கவுன்சிலிலிருந்து அழைப்பு வரும்: "நீங்களே ஒரு ட்ரூப் ஆரம்பிக்கிறீங்களா?"

ட்ரூப் இல்லாமல் தனியாகவும் உறுப்பினராகலாம். அவர்களுக்கு நிறுவனரின் நினைவாக 'ஜூலியட்' என்று பெயர். பேட்ஜ் வாங்கலாம், தங்க விருதுக்கும் முயலலாம். ஆனால் குதிரை லாட வடிவில் நிற்க ஒருத்தி போதாது.

2003 வாக்கில் சிறுமிகளும் பெரியவர்களுமாக 38 லட்சம் பேர் இருந்த அமைப்பு இது. கட்டண ஓட்டெடுப்பு நடந்த சமயத்தில் சிறுமிகளின் எண்ணிக்கை சுமார் 11 லட்சம். போட்டியும் கூடியிருக்கு. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்த பாய் ஸ்கவுட்ஸ், 2018 முதல் தன் சிறுவர் பிரிவிலும் 2019 முதல் பெரிய பிரிவிலும் பெண்களைச் சேர்க்கிறது. 'ஸ்கவுட்' என்ற சொல்லுக்காக இரு அமைப்புகளும் நீதிமன்றம் வரை போயின. 2022-ல் தீர்ப்பு கேர்ள் ஸ்கவுட்ஸுக்கு எதிராக வந்தது. 2025 பிப்ரவரியில் அந்த அமைப்பு பெயரையே 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று மாற்றிக்கொண்டது.

உறுப்பினர் குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் இன்னும் சிலர் விலகுவார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி, கூடுதல் பணத்தில் தெரியும்படியான ஒரு பங்கு ட்ரூப் நடத்தும் தன்னார்வலர்களின் சுமையைக் குறைக்கப் போவது. சிக்கலான ஆன்லைன் பயிற்சி, பதிவு, கணக்கு ஒப்படைப்பு என்று ராத்திரி நேரத்தை விழுங்கும் வேலைகள் குறைந்தால், அடுத்த வருஷமும் அதே அம்மா "சரி, நானே நடத்துறேன்" என்று சொல்வார். அந்த ஒரு 'சரி' 12 குழந்தைகளுக்கு இடம். 65 டாலர் நியாயமா இல்லையா என்பதை அந்த 'சரி'களின் எண்ணிக்கையை வைத்துத்தான் அளக்கணும்.

அமெரிக்காவில் சொந்தம் இருந்தா, இதைச் சொல்லி வையுங்க

• கட்டணம் சிரமமாக இருந்தால் பதிவின்போதே உதவி கேட்கலாம். இதை எதிர்பார்த்தே அந்த வசதியை வைத்திருக்கிறார்கள்.

• முதல் நாளே முழு யூனிஃபார்ம் வாங்க அவசரம் வேண்டாம். வெஸ்டோ சாஷோ ஒன்று போதும். அக்கா போட்டதைத் தங்கை போடுவதும் சகஜம்தான்.

• ட்ரூப் இல்லை என்று பதில் வந்தால் அதோடு விட வேண்டாம். உறவில்லாத இன்னொரு பெற்றோரைக் கூட்டுச் சேர்த்தால் புது ட்ரூப் தொடங்க முடியும்.

• அடுத்த முறை குக்கீ லிங்க் வந்தால், அந்தப் பணத்தில் ட்ரூப்புக்கு எவ்வளவு, எதற்குச் சேர்க்கிறார்கள் என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்க. பதில் சொல்லப் பழகுவதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாகம்.

பிப்ரவரி 22-ம் தேதியை உலகம் முழுக்க சாரணியர் 'சிந்தனை நாள்' என்று கொண்டாடுகிறார்கள். வேறு நாட்டுச் சகோதரிகளுக்காக ஆளுக்குக் கொஞ்சம் காசு போடும் வழக்கம் 1932-லிருந்து இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு பிரவுனி, தரையில் வைத்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க ஆகும் செலவு பூஜ்யம். அந்த அறைக்குள் அவள் வந்து சேர 2026 அக்டோபரிலிருந்து 65 டாலரும், வாரத்தில் ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுக்கும் இரண்டு பெரியவர்களும் வேண்டும். முதல் தொகைக்குத்தான் ஓட்டெடுப்பு நடந்திருக்கிறது. இரண்டாவது இன்னமும் நிலுவையில்.